முன்சீட்டுக்காரர்

அன்புள்ள சார்,

முதல் உலகப் போர் விமானங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜெர்மனியின் புகழ்பெற்ற போர் விமானி ரிக்தோஃபனுக்கு ஒரு வரிதான். மிச்சமெல்லாம் விமானியோடு போன 'பார்வையாளர்' புராணம். வேடிக்கை பார்க்கப் போனவருக்கு இத்தனை இடமா?

கே.

அன்புள்ள கே.,

வேடிக்கை பார்க்கத்தான் போனார். 1914இல் விமானத்தின் முக்கிய வேலையே அதுதான். பாரிஸை நோக்கி வந்த ஜெர்மன் தளபதி க்ளுக்கின் படை நகருக்குக் கிழக்கே திரும்பிவிட்டதை நேச நாட்டு விமானங்களில் போனவர்கள் மேலிருந்து பார்த்து வந்து சொன்னார்கள்; ஜெர்மானியரைத் தடுத்து நிறுத்திய மார்ன் ஆற்றுச் சண்டைக்கு அந்தத் தகவல் உதவியது.

ஜெர்மானியரிடம் ஆரம்பத்தில் பார்வையாளர்தான் அதிகாரி. ஓட்டுபவர் பெரும்பாலும் அவருக்குக் கீழே, நம்மூர் முதலாளியும் டிரைவரும் மாதிரி. கொச்சையில் ஓட்டுபவர் எமில், பார்வையாளர் ஃப்ரான்ஸ். வழி சொல்வது ஃப்ரான்ஸின் பொறுப்பு என்பதால், வழி தவறுவதற்கு அவர் பெயரிலேயே ஒரு வினைச்சொல் பிறந்து இன்றும் ஜெர்மன் பேச்சில் இருக்கிறது. உங்கள் ரிக்தோஃபனும் 1915இல் கிழக்கு முனையில் ஃப்ரான்ஸாகத்தான் விமானம் ஏறினார்.

பிரிட்டிஷாரின் எஃப்.ஈ.2பி விமானத்தில் எஞ்சின் பின்னால், விமானி நடுவில், பார்வையாளர் மூக்கு நுனியில், குளியல் தொட்டி போன்ற ஒன்றில். எதிரி பின்னால் வந்தால் சீட்டின்மேல் ஏறித் திரும்பி நின்று, மேல் இறக்கைக்கு மேலாக லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியால் சுட வேண்டும். முழங்காலுக்குக் கீழேதான் விமானத்துக்குள், மிச்ச ஆள் காற்றில். இடுப்பில் பெல்ட் கிடையாது. விமானி சட்டென்று வளைத்தால் துப்பாக்கியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வேவு பார்க்கப் பலூனில் ஏறியவர்களுக்கு பாராசூட் உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

1917 ஜனவரி 7 அன்று அதே குடும்பத்து எஃப்.ஈ.2டி விமானம் ஒன்றின் பெட்ரோல் டாங்கில் குண்டு பாய்ந்து தீப்பிடித்தது. முன்னாலிருந்த பார்வையாளர் கோவர் திரும்பி, கையடக்கத் தீயணைப்பானை விமானி மாட்டர்ஸ்ஹெட் மேல் பீய்ச்சினார். எரிந்துகொண்டே தங்கள் பக்கம் வரை ஓட்டிவந்து இறக்கினார் மாட்டர்ஸ்ஹெட். தரை தொட்டதும் சக்கரச் சட்டம் நொறுங்கியது. தூக்கியெறியப்பட்ட கோவர் பிழைத்தார். விமானத்துக்கடியில் சிக்கிய மாட்டர்ஸ்ஹெட் 12ஆம் தேதி இறந்தார். அவருக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ், கோவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம்.

ரிக்தோஃபனைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் வீழ்த்தியதாக அவர் கணக்கிலுள்ள 80 விமானங்களில் கணிசமானவை இருவர் போனவை. அங்கேயும் நம் ஆள் முன்சீட்டிலோ பின்சீட்டிலோ உட்கார்ந்திருப்பார், பரவாயில்லையா?