ரிகர்வ் வில்லில் நாணின் தடிமன் மாறினால் வேகமும் சத்தமும் ஏன் மாறுகின்றன?

ரிகர்வ் வில்லின் (நுனிகள் எய்பவருக்கு எதிர்ப்புறம் வளைந்த வில்) நாண் ஒற்றைக் கயிறு அல்ல, மெல்லிய இழைகளின் கட்டு. டேக்ரான் (பாலியெஸ்டர் இழை) நாணில் பொதுவாக 12 முதல் 16 இழைகள். இழை கூடினால் தடிமனோடு எடையும் கூடும். இழுத்த நாணை விட்டதும் வில்லின் ஆற்றல் அம்பை மட்டுமல்ல, நாணையும் சேர்த்தே தள்ளியாக வேண்டும். நாண் கனத்தால் அம்புக்குக் கிடைக்கும் பங்கு குறையும், வேகமும் சற்றுக் குறையும். பெரிய வித்தியாசம் எல்லாம் இல்லை.

சத்தம்? வீணையில் மெல்லிய தந்தி கூர்மையாகவும், தடித்த தந்தி கனத்த குரலிலும் ஒலிக்கும் அல்லவா, நாணும் அப்படித்தான். அப்புறம், இழைகளை மாற்றினால் அம்பின் பின்பிளவு நாணில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

தடித்த நாண் போட்டால் வில்லின் இழுவிசை (நாணை இழுக்கத் தேவையான விசை) ஏறும் என்பது தவறு; அது வில்லின் கைகளையும் (வளையும் மேல், கீழ்ப் பகுதிகள்) இழுக்கும் நீளத்தையும் பொறுத்தது.