ரீஜண்டும் பதிலாளும்

வணக்கம். ஜெர்மானியப் பேரரசர் மூன்றாம் பிரீட்ரிக் 99 நாட்கள் மட்டும் ஆண்டு, 1888 ஜூன் 15 அன்று தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். 1887 மே மாதமே மருத்துவர் பெர்க்மன் சொன்ன அறுவையைச் செய்து, அவர் பிழைத்து 1905 வரை ஆள்வதாக ஒரு நாவல் எழுதுகிறேன். முதல் உலகப்போர் தவிர்ந்திருக்கும் அல்லவா?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உலகப்போரை விட்டுத்தள்ளுங்கள். உங்கள் கணக்குப்படியே 1905இல் அரியணை ஏறுவது, நிஜத்தில் 1914இல் ஆண்ட அதே மகன் வில்ஹெல்ம்தான். 1914க்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

அறுவையும் அவ்வளவு லேசான காரியமில்லை. பெர்க்மன் சொன்னது குரல்வளையை முன்புறமாகப் பிளந்து கட்டியை எடுப்பது. பிரிட்டிஷ் தொண்டை மருத்துவர் மெக்கன்சி தடுத்தார், நோய்க்குறியியல் அறிஞர் விர்ஷோவும் திசுத்துணுக்கைப் பார்த்துப் புற்று இல்லை என்றார். ஒருவேளை வெட்டியிருந்தாலும், கட்டி பரவியிருந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டிவரும். நிஜத்தில் 1888 பிப்ரவரியில் மூச்சுக்குழாயைத் துளைத்த பிறகு, பாவம், காகிதத்தில் எழுதிக்காட்டித்தான் பேரரசை நடத்தினார்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் 1878ஐத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாரும் பிரீட்ரிக்கின் தொண்டையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க என்ன சோம்பல்?

1857இல் பிரஷ்ய அரசர் நான்காம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் பக்கவாதத்தில் விழுந்தார். தம்பி வில்ஹெல்மை ‘பதிலாள்’ ஆக்கினார்கள். மும்மூன்று மாதமாக நீட்டிப்பு. அண்ணன் நினைத்ததைத்தான் செய்யலாம், அமைச்சர்களைத் தொடக்கூடாது. 1858 அக்டோபரில் அதே மனிதர் ‘ரீஜண்ட்’ ஆனார், அதாவது அரசருக்குப் பதிலாகத் தாமே முடிவெடுத்து ஆள்பவர்; அரசியல் சட்டத்தின்மேல் உறுதிமொழி எடுத்தார். நவம்பரில் பிரதமர் மாண்டோய்ஃபெல்லின் அமைச்சரவை வீட்டுக்குப் போனது. ஒரு வருடம் அசைக்க முடியாததை ஒரே மாதத்தில் அசைத்தார்.

இப்போது 1878 ஜூன் 2க்கு வாருங்கள். பெர்லினில் உன்டர் டென் லிண்டன் சாலை. ஜன்னலிலிருந்து நோபிலிங் என்பவன் பேரரசரை இரட்டைக்குழல் துப்பாக்கியால் சுட்டான். 1857இன் அந்தத் தம்பி வில்ஹெல்ம்தான், உங்கள் பிரீட்ரிக்கின் அப்பா, இப்போது பேரரசர், வயது 81. உடம்பெல்லாம் சிறுகுண்டுகள், தலைக்கவசம்தான் உயிரைக் காத்தது. பட்டத்து இளவரசர் பிரீட்ரிக்குக்கு 46 வயது. பேரரசின் சான்சலர் பிஸ்மார்க் அவருக்குக் கொடுத்தது என்ன? ரீஜண்ட் பதவி இல்லை, பதிலாள் வேலை. 1858இல் நடந்ததை பிஸ்மார்க் மறப்பாரா? டிசம்பர் வரை, நீட்டிய காகிதத்தில் எல்லாம் பிரீட்ரிக் கையெழுத்துப் போட்டார். மே மாதம் பேரரசரைச் சுட்டுத் தவறவிட்ட ஹோடலின் மரணதண்டனையும் அதில் ஒன்று. சோஷலிஸ்டுகளுக்கு எதிரான சட்டமும் அந்த அக்டோபரில்தான் வந்தது.

உங்கள் நாவலின் திருப்பத்தை இங்கே வையுங்கள். கிழவரைக் கொல்லாதீர்கள். காயம் சீழ்பிடித்து நினைவு தப்பட்டும். அப்போது பிரஷ்ய அரசியல் சட்டத்தின் 56ஆம் பிரிவு வரும்: அரசர் நிரந்தரமாக ஆள முடியாதபோது வயதுவந்த நெருங்கிய ஆண்வழி உறவினர் ரீஜண்ட், உடனே இரு அவைகளையும் கூட்ட வேண்டும், தேவை உண்டா என்று அவை சேர்ந்து முடிவுசெய்யும். பிஸ்மார்க் அந்தக் கூட்டத்தை எப்படித் தள்ளிப்போடுவார் என்பதே நாலு அத்தியாயத்துக்கு வரும். பிரஷ்ய அரசரே பேரரசர் என்பதால் பேரரசுக்குத் தனி ஏற்பாடு தேடி அலைய வேண்டாம். நோயையும் தொட வேண்டாம். அது 1887இல் தன்பாட்டுக்கு வரட்டும். பிரீட்ரிக் ரீஜண்டாக ஆள ஒன்பது வருடம் கிடைத்துவிட்டதே!

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய, 1887இல் நடக்கும் முதல் அத்தியாயத்தில் பிரீட்ரிக்கின் மகனைப் ‘பட்டத்து இளவரசர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தாத்தா இறந்த 1888 மார்ச் 9 வரை அவர் வெறும் இளவரசர் வில்ஹெல்ம். திருத்திவிட்டு அனுப்புங்கள், படிக்கிறேன்.