பழைய வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டாரை எப்போது மாற்ற வேண்டும்?

பேட்டரி மின்சாரத்தில் இன்ஜினை முதல் சில சுற்றுகள் சுற்றிவிடும் சின்ன மோட்டார்தான் ஸ்டார்ட்டர். சைக்கிள் பழகும் பிள்ளையைத் தள்ளிவிட்டுக் கையை எடுப்பது போல, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் தன் பல்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் சின்னக் கட்டிகளான கார்பன் பிரஷ்கள் உரசி உரசித் தேய்கின்றன. பழைய வண்டியில் கோளாறு பெரும்பாலும் இதனால்தான். பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், முழு மோட்டார் தேவையில்லை.

கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியை எடுத்துவிடுங்கள். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த கம்பியில், சாவி போடாவிட்டாலும் மின்சாரம் இருக்கும். அதைத் தொடும் ஸ்பேனர் வண்டியின் பாடியிலும் பட்டால் பொறி பறக்கும். புதிய மோட்டாரின் பல்சக்கரத்தில் பழையதில் உள்ள அதே எண்ணிக்கையில் பற்கள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

சாவி திருப்பினால் ‘டக்’ சத்தம் மட்டும் வருகிறதா? ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இறங்கிய பேட்டரியும் கம்பி மாட்டும் அதன் பூத்துப்போன முனையும் (டெர்மினல்) அதே சத்தம்தான் தரும்.