வாசகர் கேள்வி பதில்: நட்ட அலையாத்தி ஏன் பட்டுப்போகிறது?

கே: அரியாங்குப்பம் ஆற்றோரம் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சுரபுன்னை என்ற அலையாத்தி மரக்கன்றுகளை நட்டோம். சித்திரைக்குள் முக்கால்வாசி காய்ந்துவிட்டது. தரையெல்லாம் உப்புப் பூத்திருக்கிறது. மறுபடி நடலாமா?
– கல்லூரி மாணவர், அரியாங்குப்பம்

ப: இப்போதைக்கு வேண்டாம். உப்புப் பூத்திருக்கிறது என்றால், அங்கே ஏறுகிற ஓதநீர் (கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் நீர்) இறங்குவதில்லை என்று அர்த்தம். தேங்கிய நீர் வெயிலில் வற்ற, உப்பு மட்டும் மிஞ்சுகிறது. கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கோடையில் இந்தப் பள்ளங்களில் அது வெகுவாக ஏறிவிடும், சுரபுன்னை தாங்காது.

பிச்சாவரத்திலும் இதே கதைதான். முன்பு காட்டைக் கூப்பு கூப்பாக (பகுதி பகுதியாகப் பிரித்து) மொட்டை வெட்டு வெட்டியதில் மண் காய்ந்து அமுங்கி, தரை தாம்பாளம் போலக் குழிந்தது. காடு தானாக மீளவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கால்வாய் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பிறகுதான் கன்று பிடித்தது.

ஆகவே முதலில் மட்டம் பாருங்கள். நம் கரையில் பௌர்ணமி, அமாவாசை ஓதமே ஒரு மீட்டருக்குள்தான். ஒரு சாண் மேடுபள்ளம்கூட விஷயத்தைக் கெடுத்துவிடும். அந்த நாள்களில் நீர் ஏறும் எல்லையில் முளை அடித்து, ஆறு மணி நேரம் கழித்து எங்கே தேங்கி நிற்கிறது என்று குறியுங்கள். கொத்தனாரின் மட்டக்குழாயே போதும். தேங்கிய இடத்திலிருந்து ஆற்றுக்குத் தாய்க்கால் (முதன்மைக் கால்வாய்) வெட்ட வேண்டும்: மேல் அகலம் 3 மீட்டர், அடியில் அகலம் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர். அதிலிருந்து இருபுறமும் மீன்முள் மாதிரி 45 பாகை சாய்வில் கிளைக்கால்கள், 10 முதல் 15 மீட்டர் இடைவெளியில். வனத்துறை அனுமதி இல்லாமல் மண்வெட்டி வைக்காதீர்கள்.

முதல் ஆண்டு வெண்கண்டல் என்ற அலையாத்தி வகை போதும், உப்பு தாங்குவதில் அதுதான் முந்தி. புரட்டாசி, ஐப்பசியில் உதிரும் காயைச் சேகரித்து, ஒரு நாள் உவர்நீரில் ஊறவைத்தால் தோல் கழன்றுவிடும். வண்டல் நிரப்பிய பையில் வேர்முனை கீழே இருக்கும்படி லேசாக அழுத்துங்கள், புதைத்தால் அழுகும். வெள்ளம் வடிந்த தை, மாசியில் கால்வாயின் சரிவில், நடுமட்டத்தில், ஒரு மீட்டருக்கு ஒன்றாக நடுங்கள். மேலே வைத்தால் காயும், அடியில் வைத்தால் மூழ்கிச் சாகும். பையைக் கிழித்து எடுத்துவிட்டு நடுங்கள் (சொல்ல வேண்டியிருக்கிறது!). அடுத்த மழைக்குப் பிறகு கால்வாய் வாயில் மணல் அடைத்திருக்கும்; ஆண்டுதோறும் தூர்வாராவிட்டால் பழைய நிலைதான்.

கே: எங்கள் குழுவில் 40 பேர். இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்வாய் வெட்டி முடிக்கலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

ப: முடியாது. மேலே சொன்ன அளவில் தாய்க்கால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 2 கன மீட்டர் மண். 50 மீட்டருக்கு 100. சேற்றில் பழக்கமில்லாதவர் ஒரு காலையில் ஒரு கன மீட்டர் அள்ளினாலே அதிசயம். வெட்டும் வேலையைக் கூலி கொடுத்து உள்ளூர் ஆட்களிடம் விடுங்கள். ஆற்றின் போக்கும் அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் 40 பேருக்கு நாற்றங்கால், வலைத்துண்டும் பாசியும் அகற்றுவது, மாதம் ஒருமுறை கன்று எண்ணுவது என்று வேலை கிடக்கிறது. ஆயிரம் கன்று நட்டோம் என்று படம் போடுவதைவிட, ஓராண்டு கழித்து எத்தனை நிற்கின்றன என்று எழுதிவைக்கும் நோட்டு மேல்.

கே: தேவனாம்பட்டினம் கடற்கரையில் சவுக்கு நடலாமா?
– வாசகர், கடலூர்

ப: மணல்மேட்டில் வேண்டாம். சவுக்கின் உதிர்ந்த இலை மெத்தையாகப் படிந்து அடியில் எதையும் முளைக்கவிடாது. பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிடக் குழி பறிக்கவும் வேர் இடைஞ்சல். அடம்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் போதும். அடம்பை ஒன்றரை அடித் துண்டாக வெட்டி, இரண்டு கணு மணலுக்குள் இருக்குமாறு மழைக்காலத்தில் ஊன்றுங்கள். வேர் பிடிக்கும்வரை ஆடு மாடும் வண்டியும் ஏறாமல் கயிறு கட்டிவிடுங்கள்.