ஒரு ரூபாய் போனில் காசு விழாதது ஏன்?

பாம்பன் கடையில் உள்ள காயின் போனில் எதிர்முனை எடுத்தும் காசு விழவில்லை, பேச்சும் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியைக் கழற்றுமுன் லைனைப் பாருங்கள். எதிர்முனை எடுத்ததும் எக்ஸ்சேஞ்ச் இரு கம்பிகளின் பிளஸ், மைனஸை மாற்றும். அதைக் கண்டுதான் பெட்டி காசை எடுத்துக்கொண்டு பேசவிடும். ரிசீவர் போன் மேல் வைக்கப்பட்டிருக்கையில் இரு கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரில் சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும். கால் போட்டு, எதிர்முனை எடுத்த நொடியில் மைனஸ் குறி மாறுகிறதா கவனியுங்கள். மாறாவிட்டால் பிஎஸ்என்எல்லில் இந்த பிளஸ்-மைனஸ் மாற்றத்தை (ரிவர்சல்) கேளுங்கள்.

மாறியும் விழவில்லையா? உப்புக்காற்றில் பெட்டிக்குள் உள்ள பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். எண்ணெய் விடவே விடாதீர்கள், கடற்கரை மணல் அப்பிக்கொள்ளும்.

காசு திரும்பி வந்தால் அது வேறு கதை: பழைய ஸ்டீல் ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம், 2011-இல் வந்த புதுக்காசு 22 மி.மீ., 3.79 கிராம். பழைய அளவுக்கு வைத்த பெட்டி புதுக்காசை ஏற்காது.