'போல' வந்தாலே உவமையா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு பத்தியைக் கொடுத்து அதில் எது உவமை, எது உருவகம், எது வெறும் வருணனை என்று பிரித்து எழுதச் சொன்னார்கள். 'போல' வந்தால் உவமை என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். 'மழை வரும்போல இருந்தது' என்பதை உவமை என்று எழுதினாள், தப்பு போட்டுவிட்டார்கள். பிரித்தறிய உருப்படியான வழி ஏதும் உண்டா?

பதில்: தப்பு போட்டது சரிதான். 'போல' என்பதை மட்டும் வைத்து உவமையைத் தேடினால் பல நேரம் விடை வந்துவிடும், ஆனால் தேர்வில் கேட்பதென்னவோ அது காலை வாரிவிடும் இடங்களைத்தான். அந்தச் சொல்லுக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. 'மழை வரும்போல' என்பது ஊகம். 'நான் சொன்னது போலச் செய்' என்றால் சொன்னபடி செய். 'தூங்குவது போலக் கிடந்தான்' என்றால் பாசாங்கு. இவற்றில் ஒன்றின் தன்மையை விளக்க இன்னொன்றை யாரும் கொண்டுவரவில்லை.

அதனால் சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, எதைப் பற்றிய பேச்சு இது, அதை விளக்க வெளியிலிருந்து என்ன வந்திருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பேசப்படுவது உவமேயம், வெளியிலிருந்து வந்தது உவமானம். வெளியிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்றால் வருணனை. வந்து பக்கத்தில் நின்றால் உவமை. வந்தது, இருந்ததோடு ஒன்றாகிவிட்டால், அதாவது இரண்டும் வேறு வேறு என்ற எண்ணமே போய்விட்டால், உருவகம்.

ஒரு பத்தியில் போட்டுப் பார்ப்போம். 'பொழுது சாய்ந்துவிட்டது. ஆற்றில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர். கரையில் கட்டியிருந்த படகு தொட்டில் போல ஆடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் இருட்டு தன் போர்வையை விரித்துக்கொண்டிருந்தது. யாரோ கூப்பிடுவது போல இருந்தது, திரும்பிப் பார்த்தேன்.'

முழங்கால் எங்கிருந்தோ வந்திருக்கிறதே என்று பிள்ளைகள் இங்கே தடுமாறுவார்கள். அது அளவு. இறங்கி நின்றால் தண்ணீர் உண்மையிலேயே முழங்கால் வரைதான் வரும், அப்படியே நம்பலாம், ஆகவே வருணனை. படகு சங்கதி வேறு. அந்த ஆற்றங்கரையில் தொட்டில் எதுவும் கிடையாது, ஆட்டத்தைக் காட்டுவதற்காக மட்டும் அது வந்திருக்கிறது, படகு படகாகவே இருக்கிறது. உவமை. இருட்டுக்கு ஏது போர்வை? சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் அந்த வாக்கியம் பொய். இருட்டு பரவுவதே போர்வை விரிப்பதாக ஆகிவிட்டது, 'போல' போட்டு இரண்டையும் தள்ளி வைக்கவில்லை. உருவகம். கடைசி வாக்கியத்தில் 'போல' இருந்தும் உவமை இல்லை. கூப்பிட்டார்களா இல்லையா என்ற சந்தேகம்தான் அது.

உவமை என்று முடிவு செய்ததும் எதில் ஒப்புமை என்றும் கேட்டுவிடுங்கள். தொல்காப்பியம் உவமவியலில் இதை வினை, பயன், மெய், உரு என்று நான்காக வகுத்திருக்கிறது. புலி போலப் பாய்ந்தான் என்பது செயல், மழை போன்ற கொடை என்பது பயன், துடி (உடுக்கை) போன்ற இடை என்பது வடிவம், பொன் போன்ற மேனி என்பது நிறம். இப்படி ஒன்றையும் சொல்ல முடியவில்லை என்றால் பெரும்பாலும் அது உவமையே இல்லை.

'தம்பி அண்ணனைப் போல உயரம்' உவமையா என்று அடுத்து கேட்பாள். இல்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி அளந்த சாதாரண ஒப்பீடு அது. ஆனால் 'கர்ணனைப் போலக் கொடுப்பவர்' என்றால் உவமை. இரண்டு பக்கமும் மனிதர்கள்தானே என்று தோன்றும், ஆனால் கர்ணன் இங்கே வந்தது கொடை என்ற ஒரே குணத்தைத் தூக்கிக் காட்டத்தான்.

நடுவில் வரவேண்டிய சொல் மறைந்து இரண்டு சொற்கள் சேர்ந்து நிற்கும் தொகைச் சொற்களில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். மதிமுகம் என்பது உவமைத்தொகை, முகமதி என்பது உருவகம். சொற்கள் அதே இரண்டு, இடம்தான் மாறியிருக்கிறது. மதி போன்ற முகம் என்று விரிக்கும்போது பேச்சு முகத்தைப் பற்றியது, மதி துணைக்கு வந்தது. முகமாகிய மதி என்று விரித்தால் முகமே மதியாகிவிட்டது. நடுவில் 'போன்ற' பொருந்துகிறதா, 'ஆகிய' பொருந்துகிறதா என்று போட்டுப் பார்ப்பதே போதுமான சோதனை. ஆனால் இரண்டுமே பொருந்தாத சொற்களும் வரும். பொன்மேனி உவமைத்தொகை, பொன்வளையல் அப்படியில்லை, அது பொன்னால் செய்த வளையல், வெறும் வருணனை. கல்நெஞ்சு, கற்சுவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், அவளே சொல்லிவிடுவாள்.

உருபே, அதாவது 'போல' மாதிரியான சொல்லே, இல்லாத உவமையும் உண்டு. திருக்குறளின் முதல் குறளிலேயே எழுத்துக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல் என்று இரண்டு செய்திகள் அருகருகே நிற்கின்றன, 'அதுபோல' என்பதை நாமே சேர்த்துப் படிக்கிறோம். எடுத்துக்காட்டு உவமை என்பார்கள். ஏழாம் வகுப்புக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

அப்புறம், தனி வாக்கியத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. 'எல்லாக் கதவுகளும் மூடிவிட்டன' என்பது பூட்டிய வீட்டைப் பற்றிய பத்தியில் வருணனை, வேலை தேடி அலைந்தவரைப் பற்றிய பத்தியில் உருவகம். முன்னும் பின்னும் இரண்டு வரி படிக்காமல் விடை சொல்லவே முடியாது.

மேலே 'பொழுது சாய்ந்துவிட்டது' என்பதை வேண்டுமென்றே தாண்டி வந்தேன். மேசையின் கால், ஊசியின் காது, விலை ஏறியது எல்லாம் இதே ரகம். ஒரு காலத்தில் உருவகமாகப் பிறந்தவை, இப்போது புழங்கிப் புழங்கி அந்தப் பொருளுக்கான சாதாரணச் சொல்லாகவே ஆகிவிட்டன. ஊசியின் காது என்றதும் யாருக்கும் முகத்திலிருக்கும் காது நினைவுக்கு வருவதில்லை. பள்ளி விடைத்தாளில் இவற்றை வருணனைப் பக்கம் விட்டுவிடுவது நல்லது என்பேன், மொழியியல் படிப்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

தேர்வுத்தாளில் 'இயல்பு நவிற்சி' அல்லது 'தன்மை நவிற்சி' என்று ஒரு விடை கொடுத்திருந்தால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உள்ளதை உள்ளபடி அழகாகச் சொல்வதற்கும் தமிழில் அணி என்றே பெயர். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளில் முதலாவதே தன்மைதான், உவமையும் உருவகமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. எனவே பாட்டில் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, ஆனாலும் காட்சி கண்முன் நிற்கிறது என்றால் அந்த விடையைத் தயங்காமல் குறிக்கச் சொல்லுங்கள்.