பயர்வால் மென்பொருளில் இன்னும் எழுதப்படாத ஒரு ஆப்ஷனை வைத்திருக்கலாமா, நீக்கிவிடலாமா?

நீக்கிவிடுங்கள். மேனுவலில் இருக்கிறது, கட்டளையும் ஏற்கிறது, உள்ளே கோட் மட்டும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேறு மென்பொருள் என்றால் நானும் 'கிடந்துவிட்டுப் போகட்டும்' என்றிருப்பேன். எந்த நெட்வொர்க் தொடர்பை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று விதிகளின்படி முடிவு செய்யும் பயர்வாலில் அது ஆபத்து.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பயர்வால் கருவி என் பொறுப்பில் வந்தது. அதில் விதி எழுதும்போதே காலாவதித் தேதி கொடுக்கலாம். வெளியாள் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை வரை ஒரு போர்ட் (நெட்வொர்க் தொடர்பு நுழையும் வாசல்) திறக்க வேண்டுமா, தேதியைப் போட்டால் போதும். கருவி எர்ரர் காட்டாது. தேதியைச் சேமிக்கும், பட்டியலில் அழகாகக் காட்டவும் செய்யும். அந்தத் தேதி வந்ததும் விதியை எடுக்கும் பகுதியைத்தான் யாரும் எழுதவே இல்லை! தணிக்கைக்காகப் பட்டியலை எடுத்தபோது, காலாவதியான விதிகள் எல்லாம் அப்படியே இருந்தன; சிலவற்றில், விதியில் சிக்கும் தரவுத் துண்டுகளை எண்ணும் பாக்கெட் கவுண்டர் ஏறிக்கொண்டும் இருந்தது. அந்த ஆப்ஷனே இல்லாதிருந்தால் நெட்வொர்க் ஆட்கள் எங்காவது குறித்து வைத்துக் கையாலேயே மூடியிருப்பார்கள்.

எடுத்துவிடலாம் என்றேன். "விற்பனைக் குறிப்பில் போட்டாயிற்றே, அடுத்த வெர்ஷனில் எழுதிக்கொள்ளலாம்" என்றார் மேலாளர். வாடிக்கையாளர் ஒருவரே கேள்வி கேட்ட பிறகுதான் சம்மதித்தார். நீக்கிய வேலைக்கு அந்த வருட அப்ரைசலில் ஒரு வரி கிடையாது. புதிதாக எதையாவது சேர்ப்பவனுக்குத்தான் இங்கே மதிப்பு, அது வேலை செய்கிறதோ இல்லையோ. சரி, அது வேறு கதை.

'லினக்ஸின் பயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸிலேயே அப்படி ஒன்று இருந்ததே' என்று யாராவது வருவீர்கள். இருந்தது. அதற்கு முந்தைய கருவியான ஐபிசெயின்ஸில் மைனஸ் சி (-C) என்ற ஆப்ஷனைக் கொடுத்து, ஒரு மாதிரி பாக்கெட்டை விதிகள் என்ன செய்யும் என்று சோதிக்கலாம். ஐபிடேபிள்ஸில் அதை எழுதவில்லை. கொடுத்தால் 'சீக்கிரமே வந்துவிடும், சத்தியமாக' என்கிற மாதிரி கண்சிமிட்டும் ஒரு செய்தி வரும். ஆனால் அது எர்ரர் செய்தி. செய்யாததைச் செய்ததாக அது காட்டிக்கொள்ளவில்லை. அந்தச் சத்தியமும் நிறைவேறவில்லை. 2011-ல் 1.4.11 வெர்ஷனில் அதே எழுத்தை, ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

ஆப்ஷனை நீக்கினால் அதைப் பயன்படுத்தும் பழைய ஸ்கிரிப்டுகள் உடையுமே என்பது நியாயமான பயம்தான், அதற்காக என்னைத் திட்ட வேண்டாம். கோப்பிலிருந்து விதிகளை ஏற்றும் ஐபிடேபிள்ஸ்-ரீஸ்டோர், ஒரு வரி தவறாக இருந்தாலே அந்த டேபிள் (விதித் தொகுப்பு) முழுவதையும் ஏற்றாமல் விட்டுவிடும். பூட் ஆகும்போது இப்படி நடந்து, எந்த விதியும் பொருந்தாதபோது என்ன செய்வது என்று சொல்லும் டிஃபால்ட் பாலிசியும் அக்செப்ட் (விட்டுவிடு) என்றிருந்தால் மெஷின் திறந்தே கிடக்கும். உங்கள் கருவியும் அந்த ரகமாக இருக்கலாம். அதனால் முதல் வெர்ஷனில் எச்சரிக்கை மட்டும் காட்டுங்கள். ஐபிடேபிள்ஸுக்குப் பின் வந்த கருவியான என்எஃப்டியில் (nft) இருப்பதுபோல, ஏற்றாமலேயே விதிக் கோப்பைச் சரிபார்க்க ஒரு வழியும் கொடுங்கள். அடுத்த வெர்ஷனில் அந்த ஆப்ஷனைப் பார்த்ததும் எர்ரர் காட்டி, பூஜ்யமல்லாத எக்ஸிட் கோடோடு (தோல்வி என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் எண்) நிற்கட்டும். மேனுவலில் இருக்கும் வரியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதற்கு எந்த வெர்ஷனும் வர வேண்டியதில்லை.